பேசாமல் கிடக்கும் காய்ச்சல்

காய்ச்சல் கண்டவர் கத்தினால், எழுந்து ஓடினால், இல்லாத ஆளோடு பேசினால் எங்கள் பக்கத்தில் "ஜன்னி கண்டுடுச்சு" என்று உடனே ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதே ஆள் சத்தமில்லாமல் சுருண்டு படுத்து, கூப்பிட்டால் அரைக்கண் திறந்து மறுபடி மூடிக்கொண்டால், "அசதி, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். எனக்குக் கவலை இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான். தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் என்ற நிலையில் மூளை தடுமாறும்போது, முக்கியமாக வயதானவர்களிடம், ஆர்ப்பாட்டத்தைவிட இந்த அமைதிதான் அதிகம். கண்ணில் படாமல் நழுவிப் போவதும் இதுதான்.

நான் டாக்டர் இல்லை. குடியாத்தம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். ரத்தத்தில் தொற்று ஏறினால் மூளை ஏன் குழம்புகிறது, அந்தக் குழப்பத்தை உடம்பே எப்படித் தணிக்கப் பார்க்கிறது என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். காரணம் என் பெரியம்மா.

பெரியம்மா மோர்தானா அணைக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க பீடி சுற்றியவர். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார், விரல்கள் பாட்டுக்கு ஓடும். பொழுது சாய்ந்தால் ஆட்டுக்குப் புல் அறுக்கப் புதர்ப் பக்கம் போவார். மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கிய கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை, ஊசி, கஷாயம் எல்லாம் ஆயிற்று. ஒருநாள் காலை நான் போனபோது அண்ணி வாசலிலேயே சொன்னார்: "காச்சல் விட்டுப்போச்சு கண்ணு. இப்பதான் நல்லா தூங்கிக்கினு கீறாங்க, எழுப்பாத."

நெற்றி சில்லென்றுதான் இருந்தது. ஆனால் மூச்சு வேகமாக ஓடியது. போர்வைமேல் கைகள் இரண்டும் அசைந்துகொண்டே இருந்தன. இடது கை விரல்கள் எதையோ தாங்கிப் பிடிக்க, வலது கட்டைவிரல் உருட்ட, கடைசியில் நகத்தால் முனையை மடக்கி உள்ளே தள்ளும் அசைவும் அப்படியே இருந்தது. கையில் இலையும் இல்லை, தூளும் இல்லை. பெரியம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார். பார்வை என் முகத்தில் நிற்கவில்லை.

வேலூருக்குக் கொண்டுபோனோம். கேஷுவாலிட்டியில் ஒரு இளம் பெண் டாக்டர், பிரஷர் எடுத்துக்கொண்டே, "ஆயா, ஞாயித்துக்கிழமையில இருந்து பின்னாடி பின்னாடி கிழமை சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். பெரியம்மா "ஞாயிறு, சனி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "சனி" என்றார். அவ்வளவுதான். 25 பீடிக்கு ஒரு கட்டு என்று ஆயுசெல்லாம் கணக்குப் பிசகாமல் எண்ணியவர். மறதி வேறு, கவனம் கலைவது வேறு என்று அந்த டாக்டர் எங்களுக்கு விளக்கினார். நேற்று நன்றாக இருந்த ஆளுக்கு இன்றைக்குக் கவனம் நிற்கவில்லை என்றால் அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது, உடம்பில் வேறெங்கோ பெரிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பிறகு திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கத் தேடினார். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே பீடி நெருப்பு சுட்ட மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு, அதைச் சுற்றிச் சிவப்பு. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. அதனால்தான் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை, அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் வருமே, அதுதான். புதரில் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் ஒரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. அது ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்களுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ரத்தக் குழாய் போகிற இடமெல்லாம் பாதிப்பு வரலாம்.

செப்சிஸ் என்பதைக் "கிருமி ரத்தத்துல பரவிடுச்சு" என்று மட்டும் புரிந்துகொண்டிருந்தேன். 2016-ல் உலக வல்லுநர்கள் திருத்தி எழுதிய விளக்கம் வேறு மாதிரி இருக்கிறது. தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு முறைதவறிப் போய், அதனால் உறுப்புகள் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலைதான் செப்சிஸ். சேதத்தில் கிருமியின் பங்கு ஒன்று, நம் எதிர்ப்பின் பங்கு இன்னொன்று. படுக்கைப் பக்கத்திலேயே பார்த்துச் சொல்லக்கூடிய 3 அடையாளங்களையும் அப்போது கொடுத்தார்கள்: நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல்பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழ், மாறிப்போன மனநிலை. இந்த மூன்றை மட்டும் நம்பி யாரையும் கழித்துவிடக் கூடாது என்று 2021 வழிகாட்டுதல் எச்சரித்ததும் சரிதான். ஆனாலும் ஒரு வீட்டுக்கு இவை போதுமான மணியோசை என்றே நினைக்கிறேன். தெர்மாமீட்டர் இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வயதானவர்களுக்குச் செப்சிஸில் உடம்பு சூடேறாமல் போகலாம், இருப்பதைவிடக் குளிர்ந்தும் போகலாம்.

2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.89 கோடி பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் அதில் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

சரி, மூளைக்கு வருவோம். காலில் புண், நுரையீரலில் சளி, சிறுநீர்ப் பாதையில் தொற்று என்று எங்கோ தொடங்குவதற்கு மண்டைக்குள் இருக்கும் மூளை ஏன் குழம்ப வேண்டும்? பெரும்பாலான செப்சிஸில் கிருமி மூளைக்குள் போவதே இல்லை. செய்திதான் போகிறது. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களைக் கொட்டுகின்றன. மூளையின் ரத்தக் குழாய்களுக்கு இறுக்கமான தடுப்பு உண்டு என்றாலும், மூளைத் தண்டில் ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு சின்ன இடத்தில் அந்தத் தடுப்பு இல்லை. ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று மூளை அங்கே நேரடியாகத் தெரிந்துகொள்கிறது. இன்னொரு பக்கம், குழாய்ச் சுவர்ச் செல்கள் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைபோதலாமஸைத் தூண்டக் காய்ச்சல் ஏறுகிறது.

மூன்றாவது வழி வேகஸ் நரம்பு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதய ஓட்டத்தைக் குறைக்கும், செரிமானத்தைத் தூண்டும் என்றுதான் அதைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. வயிற்றிலும் நெஞ்சிலும் அழற்சி தொடங்கினால் அந்தச் செய்தி மின்துடிப்பாக மூளைத் தண்டுக்குப் போய்ச் சேர்கிறது. பசி போவது, உடம்பு வலிப்பது, யாரோடும் பேசப் பிடிக்காமல் மூலையில் முடங்குவது எல்லாம் இந்தச் செய்திகளுக்கு மூளை கொடுக்கும் பதில். அந்த அளவோடு நின்றால் நல்லதுதான், உடம்பு சக்தியை மிச்சம் பிடிக்கிறது.

அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள உடம்பு செய்யும் ஏற்பாடுகள் எனக்குப் பெரிய வியப்பு. செய்தி கேட்ட மூளை, பிட்யூட்டரி வழியாக அட்ரீனல் சுரப்பிக்கு ஆணை அனுப்புகிறது. கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது வெள்ளணுக்களுக்குள் புகுந்து, சைட்டோகைன் தயாரிக்கும் மரபணுக்களை அடக்குகிறது. கடும் நோயில் உடம்பு இன்னொன்றும் செய்கிறது. கார்ட்டிசோலைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அதனால் சுரப்பது நீண்ட நேரம் ரத்தத்தில் தங்குகிறது.

நரம்பு வழியில் ஒரு பதில் உண்டு என்பது தெரிந்தது அண்மையில்தான். 2000-ல் அமெரிக்காவில் கெவின் ட்ரேசியின் குழு, பாக்டீரியா நஞ்சு செலுத்திய எலிகளின் வேகஸ் நரம்பைத் தூண்டிப் பார்த்தது. டி.என்.எஃப். அளவு குறைந்தது, எலிகள் பிரஷர் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போகாமல் தப்பின. அடுத்த ஆண்டுகளில் வழி ஒவ்வொன்றாகத் துலங்கியது. மூளையிலிருந்து இறங்கும் ஆணை மண்ணீரல் நரம்புக்குப் போகிறது; அங்கே ஒரு வகை டி-செல்கள் அசிட்டைல்கோலினை வெளிவிடுகின்றன; அது கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் ஆல்ஃபா-7 ஏற்பியில் ஒட்டி டி.என்.எஃப். உற்பத்தியைக் குறைக்கிறது. நரம்புகள் சுரப்பதாகவே நாம் படித்த ஒரு பொருளை ரத்த அணு ஒன்றும் சுரக்கிறது. இந்த ஆணை இறங்குவது வேகஸ் வழியாகவே அல்ல, சிம்பதெடிக் நரம்புகள் வழியாகத்தான் என்று மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜுக்கரின் குழு மூளைத் தண்டிலேயே கை வைத்தது. வேகஸ் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைச் சுண்டெலிகளில் செயலிழக்கச் செய்தபோது, அழற்சி கட்டுமீறிப் போனது. அதே கூட்டத்தைத் தூண்டியபோது அழற்சியை ஏற்றும் சைட்டோகைன்கள் சரிந்து, தணிக்கும் இன்டர்லூகின்-10 கூடியது. வேகஸ் நரம்பில் ஒரு பிரிவு "அழற்சி ஏறுகிறது" என்ற செய்தியையும், வேறொரு பிரிவு "தணிகிறது" என்ற செய்தியையும் தனித்தனியாகக் கொண்டுபோவதையும் கண்டார்கள். ஆக மூளை சும்மா அடிவாங்கிக்கொண்டு இருக்கவில்லை. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே, கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

மண்டைக்குள்ளும் தனி ஏற்பாடு இருக்கிறது. மூளைக்கென்று உள்ள தற்காப்புச் செல்கள் மைக்ரோகிளியா. சாதாரண நாளில் நரம்பணுக்கள் ஃபிராக்டல்கைன் என்ற புரதத்தை வைத்து அவற்றை அடக்கமாக வைத்திருக்கின்றன. செப்சிஸில் தடுப்பு கசிந்து அவை கிளர்ந்தெழுந்தாலும், அவையே இன்டர்லூகின்-10 சுரக்கின்றன. அதைப் பெற்ற, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து மைக்ரோகிளியாவைத் திரும்ப அமைதிப்படுத்துகின்றன. வயதாக ஆக இந்த ஏற்பாடு தளர்கிறது. மைக்ரோகிளியா முன்கூட்டியே பாதி விழித்த நிலையில் இருக்கும், சிறு தூண்டலுக்கும் அளவுக்கு மீறி எழும், அடங்க நாளாகும். இருபது வயதுப் பையனுக்குத் தலைவலியோடு போகிற தொற்று எழுபது வயதுக்காரரை ஆள் தெரியாமல் ஆக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அழற்சிதான் கெடுக்கிறது என்றால் அதை மருந்தால் நிறுத்திவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றியது. 1987-ல் கார்ட்டிசோல் மாதிரி வேலை செய்யும் ஸ்டீராய்டை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் இல்லை. தொண்ணூறுகளில் டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகள் வந்து, செப்சிஸில் எதிர்பார்த்ததைச் செய்யாமல் போயின. அழற்சியை ஒரேயடியாக அணைத்தால் கிருமியை எதிர்ப்பதும் சேர்ந்து அணைகிறது. உடம்பு தன் தணிப்பை எங்கே, எப்போது, எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறது. நாம் ஊசியில் ஏற்றும் மருந்துக்கு அந்த நிதானம் இல்லை. இன்றைக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு குறைந்த அளவில், பிரஷர் மருந்துக்கும் மசியாத அதிர்ச்சி நிலையில் கொடுக்கப்படுகிறது. 2018-ல் 3,800 பேரிடம் நடந்த ஆய்வில் அதிர்ச்சி நிலை சீக்கிரம் மீண்டது, ஆனால் 90 நாளில் இறப்பு குறையவில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1984-ல் ஜகார்த்தாவில், டைபாய்டு முற்றி நினைவு தடுமாறியோ அதிர்ச்சி நிலையிலோ வந்த 38 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் அதிக அளவில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 20 பேரில் 2 பேர் இறந்தார்கள். அது இல்லாமல் ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்ற 18 பேரில் 10 பேர் இறந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஜன்னி கண்ட டைபாய்டு எங்கள் தாத்தா பாட்டி தலைமுறையில் எத்தனை வீட்டை வெறுமையாக்கியது என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த எண்கள் வெறும் எண்களாகத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் யாரும் டெக்ஸா வாங்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தக் கிருமி, எந்தக் கட்டம் என்று தெரியாமல் போட்டால் அதே மருந்து ஆளைக் கவிழ்க்கும்.

ஸ்க்ரப் டைபஸ் விஷயத்தில் வேலூருக்கே ஒரு பெருமை உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையின் மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று விதமாக ஊசி வழியே கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு, தொடரும் சிக்கல், விடாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், தனித்தனியாகக் கொடுத்தவர்களில் 47, 48 சதவீதம். சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம். இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மழைக்குப் பிறகு ஆண்டுதோறும் இந்தக் காய்ச்சலைப் பார்க்கும் ஊரிலிருந்து இப்படி ஒரு பதில் வந்தது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. மூளையில் அழற்சி அடங்க வேண்டுமானால் முதலில் அதைத் தூண்டும் கிருமி அடங்க வேண்டும். உடம்பின் தணிப்பு ஏற்பாடுகளுக்கு நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி, சரியான ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் தொடங்குவதுதான்.

பெரியம்மா பிழைத்தார். முகம் தெரிந்து "எப்ப வந்த?" என்று கேட்டபோது அண்ணி அழுதுவிட்டார். ஆனால் வீடு திரும்பிய பிறகும் பல நாள் கட்டு எண்ணும்போது நடுவில் நிற்பார். பாலை அடுப்பில் வைத்ததை மறப்பார். இதுவும் பரவலாக நடப்பதுதான். அமெரிக்காவில் முதியவர்களிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், கடும் செப்சிஸுக்கு முன் 6.1 சதவீதம் பேரிடம் இருந்த குறிப்பிடத்தக்க அறிவுத் தடுமாற்றம், பிழைத்து வந்த பிறகு 16.7 சதவீதமாக ஏறியிருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பெயர்கள் இருந்தன, மறுபடி வர வேண்டிய தேதி இருந்தது. ஞாபகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இது எந்த ஒரு ஆஸ்பத்திரியின் குறையும் அல்ல. பிழைத்ததே பெரிது என்று நாமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். குணமானவர் "சோம்பேறி ஆயிட்டாங்க", "முன்ன மாதிரி இல்ல" என்று வீட்டில் திட்டு வாங்குவதை நான் பார்க்கிறேன்; அவருக்கு அது தாங்க முடியாத கொடுமை.

படுக்கையில் இருக்கும்போது குழப்பத்துக்கென்று கொடுக்கும் மருந்துகளிலும் பெரிய நம்பிக்கை வைக்க முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஹாலோபெரிடால் கொடுத்தால் குழப்பம் சீக்கிரம் தீருமா என்று பார்த்த 2018 ஆய்வில், வெறும் உப்புத் தண்ணீர் ஊசியைவிட அது மேலாக இல்லை. உதவுவது சின்னச் சின்ன காரியங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்கு அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது, காது மெஷினுக்குப் புது பேட்டரி, பகலில் ஜன்னல் வெளிச்சம், ராத்திரியில் விளக்கணைத்துத் தூக்கம், முடிந்தவுடன் எழுந்து உட்கார வைப்பது, தெரிந்த குரல். ஐ.சி.யு.வில் உள்ளே விடும் கொஞ்ச நேரத்திலும் அழுதுகொண்டு நிற்காமல், "நான் இன்னார், இது வேலூரு, இன்னிக்கி வெள்ளிக்கிழமை, ஆடெல்லாம் நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வரலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

கேஷுவாலிட்டியில் நிற்கும்போது இன்னொன்று. அங்கே இருக்கும் டாக்டர் உங்கள் அம்மாவை முதல்முறையாகப் பார்க்கிறார். அம்மா எப்போதும் இப்படித்தானா, இன்றைக்குத்தான் இப்படியா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ரத்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. கூட்டத்தில் "காச்சல், ஒரு வாரமா" என்று மட்டும் சொன்னால் சீட்டில் அது மட்டும்தான் ஏறும். முந்தாநாள் வரை தானாகக் குளித்தார், சமைத்தார், கணக்குப் பார்த்தார், நேற்றுக் காலையிலிருந்து கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்று நாளும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள். புல் அறுக்க, விறகு பொறுக்க, ஆடு மேய்க்கப் போகிறவர் என்றால் அதையும் சொல்லி, துணிக்குள் மறைந்த இடங்களில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.